ஞாயிறு காலை, ஜார்ஜ் டவுன், கறுப்பு வெள்ளை: எந்தக் கேமராவை எடுத்துப் போவது?

தம்பி முறையாகும் ஒரு பையன் போன வாரம் போன் செய்தான். "அண்ணா, வர்ற ஞாயித்துக்கிழமை பாரிஸ் கார்னர் பக்கம் நடக்கலாம்னு இருக்கேன். பழைய கட்டடங்களை பிளாக் அண்ட் ஒயிட்ல எடுக்கணும். எதை எடுத்துட்டுப் போகட்டும்?" என்றான். அவனிடம் ஒரு நல்ல செல்போன் இருக்கிறது. அவன் பிறந்த வருஷம் அவனுடைய அப்பா வாங்கிய நிக்கான் எஃப்எம்10 ஃபிலிம் கேமரா பீரோவில் தூங்குகிறது. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் தன்னுடைய மிரர்லெஸ் கேமராவை (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா) ஒரு லென்ஸோடு பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றில் எது?

போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. மூன்றையும் தூக்கிக்கொண்டு சென்னை ஜார்ஜ் டவுனின் அதே தெருக்களில் பல ஞாயிற்றுக்கிழமைகள் நடந்திருக்கிறேன் என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கேமராக்களை ஒப்பிடும்போது மெகாபிக்சலில் தொடங்குவதுதான் வழக்கம். இந்த நடைக்கு அது உதவாது. கட்டடம் ஓடாது, பறக்காது. வேகமான ஃபோகஸுக்கும் இங்கே வேலை குறைவு. கறுப்பு வெள்ளையில் கட்டடம் எடுக்கிறவன் உண்மையில் செய்வது ஒரே காரியம்: செங்கல்லின் சிவப்பு, சுண்ணாம்பின் மஞ்சள், கதவின் பச்சை, வானத்தின் வெளுப்பு இவற்றில் எது எந்தச் சாம்பலாக மாற வேண்டும் என்று முடிவு செய்கிறான். அந்த முடிவைத் தெருவில் நிற்கும்போதே எடுக்க வேண்டுமா, வீட்டுக்கு வந்து எடுக்கலாமா, அல்லது நம்மைக் கேட்காமல் கருவியே எடுத்துவிடுமா? மூன்று வழிகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

முதலில் தெருவைப் பார்த்துவிடுவோம். தெருவை வைத்துத்தான் கேமராவைச் சொல்ல முடியும்.

கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலையில் தெற்கே நடந்தால், கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்து 1884-ல் திறந்த தலைமைத் தபால் நிலையம் வலப்பக்கம் வரும். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஸ்டேட் வங்கியின் பழைய கட்டடம். இரண்டும் கிழக்கே துறைமுகத்தைப் பார்த்து நிற்பவை. ஆகவே அவற்றின் முகத்தில் வெயில் விழுவது காலையில் மட்டும்தான். எட்டரை மணிக்கு மேல் சூரியன் ஏறிவிட்டால் வளைவுகளின் ஆழம் போய்விடும். அப்படியே பாரிஸ் முனைக்கு வந்தால் 1940-ல் கட்டி முடித்த டேர் ஹவுஸ். அலங்காரம் குறைவு, கோடுகள் அதிகம், வெளிறிய நிறம். சாலைக்கு எதிர்ப்புறம் 1892-ல் திறந்த உயர் நீதிமன்றம், கோபுரமும் குவிமாடமுமாகச் செங்கல் காடு. ஒரே இடத்தில் நின்றுகொண்டு தலையைத் திருப்பினால் அரை நூற்றாண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு கட்டடக்கலைகள்.

உயர் நீதிமன்றத்தை என்எஸ்சி போஸ் சாலையிலிருந்து பார்க்கிறோம் என்றால் அதன் வடக்கு முகத்தைப் பார்க்கிறோம். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே இருப்பதால் அந்த முகம் நாள் முழுக்க நிழலில்தான் இருக்கும். அப்போது செங்கல் வேலைப்பாடு எதிர்பார்க்கக் கூடாது. வெளிறிய வானத்துக்கு எதிரே குவிமாடங்களின் கறுத்த வடிவம் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் நன்றாகவே இருக்கும். மே, ஜூனில் கதை வேறு. காலை வெயில் வடகிழக்கிலிருந்து சுவரை உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு செங்கல் வரிசைக்கும் ஒரு மெல்லிய நிழல் விழும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எந்தக் கேமராவையும்விட இந்த விஷயம் படத்தை அதிகமாக மாற்றும்.

அப்புறம் உள்ளே திரும்பினால் அரண்மனைக்காரன் தெரு. ஆர்மீனியன் தெரு என்ற பெயர் மக்கள் வாயில் விழுந்து அரண்மனைக்காரன் ஆனது. அதற்கு அக்கம்பக்கத்தில் அங்கப்ப நாயக்கன் தெரு, தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு. எல்லாம் வடக்கு தெற்காக ஓடும் ஒடுக்கமான தெருக்கள். காலையில் ஒரு வரிசை வீடுகளின் மேல்மாடி மட்டும் வெயிலில் பளீரென்று எரியும். கீழ்த்தளம், நடைபாதை, எதிர் வரிசை எல்லாம் நிழலில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளின் ஷட்டர் இறங்கியிருப்பதால் லாரியும் தள்ளுவண்டியும் மறைக்காமல் கட்டடம் அடிவரை தெரியும். கேபிள் ஒயர்கள் மட்டும் எந்த நாளும் லீவு போடாது.

சரி, இப்போது கேமராக்களுக்கு வருகிறேன்.

செல்போனை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. அதன் பெரிய பலம், யாரும் நம்மைக் கவனிப்பதில்லை. ராஜாஜி சாலையில் துறைமுகம், ரிசர்வ் வங்கி, பக்கத்திலேயே கோட்டை என்று பாதுகாப்பு அதிகமுள்ள இடங்கள் வரிசையாக இருக்கின்றன. பெரிய கேமராவோடு நின்றால் காவலாளி வந்து கேட்பார். கேட்பது அவருடைய வேலை. ட்ரைபாடை விரித்தால் கேட்காமல் விடவே மாட்டார்கள். போனில் அந்தத் தொந்தரவு குறைவு. ஒடுக்கமான சந்தில் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் அகலமான இரண்டாவது லென்ஸில் முழுக் கட்டடமும் அடங்கிவிடும். ஓரங்களில் இருக்கும் தூண்கள் மட்டும் ரப்பர் மாதிரி இழுபடும்.

போனின் பலவீனம், அது நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் வேலை. வெயிலும் நிழலும் சேர்ந்த காட்சியைக் கண்டதும் பல படங்களை அடுக்கி, நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை இறக்கி, எல்லாம் தெரிகிற மாதிரி சமன் செய்துவிடும். கல்யாண மண்டபத்துக்கு அது சரி. தம்பு செட்டித் தெருவில் காலை ஏழரை மணிக்கு அந்த நிழல்தான் படம். அதைத் தூக்கிவிட்டால் கறுப்பு வெள்ளையில் மிஞ்சுவது வெறும் சாம்பல். போனில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ப்ரோ மோடிலோ வேறு ஆப்பிலோ ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுக்க வேண்டும். மோனோ ஃபில்டரைப் போட்டு ஜேபெக்காக எடுத்தால், பிறகு வானத்தைக் கொஞ்சம் கறுக்க வைக்கலாம் என்று இழுக்கும்போது வானம் பட்டை பட்டையாக உடையும்.

ஒரு சின்ன உதாரணம். அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனிய தேவாலயம் இருக்கிறது. 1712-ல் கட்டி 1772-ல் திரும்பக் கட்டியது. அதன் முற்றத்தில் தரையோடு தரையாகக் கல்லறைக் கற்கள், மேலே ஆர்மீனிய எழுத்துகள். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-ல் இந்த ஊரிலிருந்து நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். மதிலுக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் ஒரு கல்லை மூன்று கருவிகளிலும் எடுத்தேன். போன் படத்தில் கல் சுத்தமாக, பளிச்சென்று இருந்தது. ஆனால் எழுத்தின் பள்ளத்தில் இருந்த நிழல் கரைந்து, அச்சடித்த எழுத்து மாதிரி தட்டையாகிவிட்டது. ஃபிலிமிலும் மிரர்லெஸ் ராவிலும் அது செதுக்கிய எழுத்தாகவே இருந்தது, விரலை வைத்துத் தடவலாம் போல.

ஃபிலிமுக்கு வருகிறேன். இங்கே என் மனசு சாயும் பக்கத்தை மறைக்க விரும்பவில்லை. ஃபிலிம் எனக்குப் பிடிக்கும்.

ஒரு சுருளில் 36 படம். இல்ஃபோர்ட் எச்பி5 மாதிரி ஒரு சுருள், கழுவும் செலவு, ஸ்கேன் செய்யும் செலவு எல்லாம் சேர்த்தால் இன்றைக்கு ஆயிரத்தைத் தாண்டும். ஒரு தடவை கிளிக் செய்ய முப்பது, நாற்பது ரூபாய். அந்தக் கணக்கு மனதில் இருந்தால் ஒருவன் தபால் நிலையத்துக்கு முன்னால் பத்து நிமிடம் சும்மா நிற்பான். எந்த வளைவில் நிழல் சரியாக விழுகிறது, எந்த ஒயர் குறுக்கே வருகிறது என்று பார்ப்பான். டிஜிட்டலில் இந்தப் பொறுமை வராது என்று சொல்லவில்லை. ஃபிலிமில் அது தானாக வரும்.

தெருவின் வெளிச்சத்துக்கும் நெகட்டிவ் ஃபிலிம் பொருத்தம். வெயிலில் எரியும் மேல்மாடிச் சுவர் அதில் சட்டென்று வெளுத்துப் போகாது. மெல்ல மெல்லத்தான் வெள்ளையாகும். ஆகவே கீழ்த்தள நிழலுக்கு மீட்டர் (கேமராவின் வெளிச்ச அளவி) பார்த்து எடுக்கலாம், மேலே இருக்கும் காரை வேலைப்பாடும் பிழைத்துக்கொள்ளும். டிஜிட்டலில் தலைகீழ். வெயில் பட்ட இடம் ஒருமுறை வெளுத்தால் வெளுத்ததுதான். அதைக் காப்பாற்றும்படி எடுத்து, நிழலைப் பிறகு தூக்க வேண்டும். ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கோ அங்கிருந்து இங்கேயோ மாறுகிறவர்கள் முதல் நாளில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஃபிலிமின் கஷ்டமும் நம் ஊரில் கொஞ்சம் அதிகம். டி-76 என்ற டெவலப்பர் கரைசலில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து எச்பி5 சுருளைக் கழுவினால் 20 டிகிரியில் 11 நிமிடம் ஆகும். மே மாதத்தில் சென்னை மாடித் தொட்டித் தண்ணீர் எந்த வீட்டில் 20 டிகிரியில் வருகிறது? சூடு ஏற ஏற நேரத்தைக் குறைக்க வேண்டும். ஒரு டிகிரிக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு. ரொம்பக் குறைத்தால் ஒரே சீராகக் கழுவாது, வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். நான் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் விட்டு, பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளைப் போட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே பாட்டில்களை அதில் உட்கார வைப்பேன். அரை மணி நேரம் அதற்கே போய்விடும். கழுவ வெளியே கொடுத்த காலத்தில் ஒரு கடை என் சுருள் முழுக்க நீளவாக்கில் கீறல் போட்டுத் தந்தது. 36 படத்திலும் உயர் நீதிமன்றக் கோபுரத்தைக் கிழித்துக்கொண்டு ஒரே கோடு. அன்றிலிருந்து நானே கழுவுகிறேன்.

இதை எழுதும்போது ஒன்று மனதைப் பிசைகிறது. ஃபிலிம் என்பது எங்கோ வெளிநாட்டிலிருந்து வரும் சாமான் என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் உதகைத் தொழிற்சாலையில் "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும் செய்தது. இந்து என்றால் நிலா. அந்தப் பெயர் போட்ட டப்பாக்களை ஸ்டுடியோ அலமாரிகளில் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தொழிற்சாலை மூடிப் போனது. நீலகிரியில் பிறந்த சுருளில் ஜார்ஜ் டவுனை எடுக்கும் வாய்ப்பு இனி இல்லை.

தெருவில் நிற்கும்போதே சாம்பலை முடிவு செய்வது என்றேனே, ஃபிலிமில் அது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி ஃபில்டரால் நடக்கிறது. விதி எளிது: ஃபில்டரின் நிறத்தில் இருப்பது வெளுக்கும், எதிர் நிறம் கறுக்கும். சிவப்பு ஃபில்டர் நீல வானத்தைக் கறுப்பாக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நம் ஊரில் அதை நம்பி வாங்கி ஏமாந்தவர்களில் நானும் உண்டு. கடலோர ஊர், வருஷத்தில் பாதி நாள் வானம் நீலமாகவே இருப்பதில்லை. பால் கலந்த மாதிரி வெளிறிக் கிடக்கும். வெள்ளை வானத்தை எந்த ஃபில்டரும் கறுப்பாக்காது. வடகிழக்குப் பருவமழை விட்டுப் போன காலைகளில் மட்டும் வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், திரள் திரளாக மேகம் இருக்கும். அந்த நாட்களுக்குச் சிவப்பு ஃபில்டர் சரி.

இந்த வானப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததல்ல. 1850-களில் சென்னை மாகாண அரசுக்காக மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த லினியஸ் டிரைப்புக்கும் இதே தலைவலி. அன்றைய காகித நெகட்டிவ் நீல ஒளிக்கே அதிகம் மசியும் என்பதால் வானம் எல்லாம் வெறும் வெள்ளையாக வந்தது. அவர் நெகட்டிவின் மேல் சாயம் பூசி மேகங்களைக் கையால் வரைந்து சேர்த்தார்.

சிவப்பு ஃபில்டர் இன்னொன்றும் செய்யும். செங்கல்லை வெளுக்க வைக்கும். உயர் நீதிமன்றத்தின் சிவப்பு வெளிர் சாம்பலாகி, வெள்ளைக் கல் விளிம்புகளோடு ஒட்டிக்கொள்ளும். கோயில் மதிலில் இது இன்னும் மோசம். காவியும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டையடித்த சுவரைச் சிவப்பு ஃபில்டரில் எடுத்துப் பாருங்கள்: காவிப் பட்டை கிட்டத்தட்டக் காணாமல் போய், வெறும் வெள்ளைச் சுவர் நிற்கும். பச்சை ஃபில்டரில் அதே பட்டை அழுத்தமாக எழுந்து வரும். தவிர, சிவப்பு ஃபில்டர் மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், அதாவது மூன்று முறை பாதியாக்கி எட்டில் ஒரு பங்கை மட்டும் விடும். 400 வேக ஃபிலிம் 50 வேக ஃபிலிம் மாதிரி ஆகிவிடும். நிழல் தெருவில் கையில் பிடித்து எடுத்தால் ஆட்டம் கண்டுவிடும். ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் மஞ்சள். ஒரு ஸ்டாப்தான் போகும், செங்கல்லுக்கும் கெடுதல் செய்யாது, வானத்தில் மேகம் இருந்தால் கொஞ்சம் எடுத்தும் கொடுக்கும்.

மிரர்லெஸ்ஸில் இந்த முழுப் பிரச்சினையும் வீட்டு மேஜைக்கு வந்துவிடுகிறது. ரா கோப்பில் எல்லா நிறமும் இருக்கும். கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பைத் தனியாக ஏற்றலாம், நீலத்தைத் தனியாக இறக்கலாம். ஒரே படத்தில் வானத்தையும் கறுக்க வைத்து, செங்கல்லையும் அழுத்தமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு கண்ணாடி ஃபில்டரால் அது முடியாது. அளவோடு செய்ய வேண்டும். நீலத்தை ஒரேயடியாக இறக்கினால் கட்டட விளிம்பில் வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு வரும், வானத்தில் மணல் தூவின மாதிரி புள்ளிகள் வரும்.

இதில் நான் கண்ட நல்ல பழக்கம் ஒன்று. கேமராவை ராவில் வைத்துக்கொண்டு, பார்க்கும் திரையை மட்டும் மோனோக்ரோமில் வைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரிவது கறுப்பு வெள்ளை, கார்டில் சேர்வது நிறம். நிறம் எப்படி ஏமாற்றும் என்பது இப்படி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மண்ணடிப் பக்கம் ஒரு வீடு: செம்மண் நிறச் சுவர், கிளிப்பச்சை ஜன்னல். கண்ணுக்கு அவ்வளவு அழகு. திரையைப் பார்த்தேன், ஜன்னலே இல்லை. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிச் சுவரோடு சுவராகக் கலந்திருந்தன. நான்கு அடி நகர்ந்து, ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடின் நிழல் கம்பிகளின் மேல் குறுக்காக விழுகிற இடத்துக்கு வந்ததும்தான் ஜன்னல் திரும்பி வந்தது. ஃபிலிமில் இதை அறிய ஒரு வாரம் ஆகும், ஒரு சுருளும் போகும். புதிதாகத் தொடங்குகிறவனுக்கு இந்தத் திரை ஒரு வாத்தியார்.

கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் கேமராக்களும் உண்டு. லைக்கா 2012-ல் ஒன்றைக் கொண்டுவந்தது, பென்டாக்ஸ் 2023-ல் ஒன்று விட்டது. நிறம் பிரிக்கும் வடிகட்டி சென்சாரில் இல்லாததால் நுணுக்கம் அபாரமாக இருக்கும். ஆனால் நிறமே பதிவாகாததால் மறுபடி கண்ணாடி ஃபில்டருக்குத்தான் போக வேண்டும். அந்த விலைக்கு நம் பையன் யோசிக்கவே வேண்டாம்.

லென்ஸ் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். கட்டடம் உயரம், தெரு ஒடுக்கம். கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே கூம்பிப் பின்னால் சாயும். மிரர்லெஸ்ஸில் கணினியில் நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் சுற்றிலும் இடம் விட்டு எடுக்க வேண்டும். இதை மறந்து உச்சியில் இருக்கும் கலசத்தை எத்தனை தடவை இழந்திருக்கிறேன். ஃபிலிமிலும் ஸ்கேன் செய்த பிறகு இதையே செய்யலாம், நுணுக்கம் கொஞ்சம் குறையும். இவற்றைவிட நல்ல வழி, எதிர்ச்சாரியில் தள்ளி நின்று கேமராவை மட்டமாகப் பிடிப்பது. ஞாயிற்றுக்கிழமை என்எஸ்சி போஸ் சாலையில் அதற்கு இடம் கிடைக்கும். உள்தெருக்களில் கிடைக்காது, அங்கே முழுக் கட்டடத்தை விட்டுவிட்டு ஒரு பால்கனி, ஒரு தூண் தலை, கைப்பிடிச் சுவரின் ஒரு மூலை என்று எடுப்பது மேல். 35 மிமீ அளவில் ஒரு லென்ஸ் போதும். எஃப்எம்10-உடன் வந்த 35-70 லென்ஸே இந்தத் தெருக்களுக்குப் போதும்.

இவ்வளவு தூரம் படித்தால் கை நிறைய பாராட்டு ஃபிலிமுக்குத்தான் கிடைத்திருக்கும். ஆனாலும் நான் அவனுக்குச் சொன்னது மிரர்லெஸ். அதற்குக் காரணம் ஒரு கதவு.

சில வருஷங்களுக்கு முன்னால் மண்ணடியை ஒட்டிய ஒரு தெருவில் திண்ணை வைத்த பழைய வீடு ஒன்றை ஃபிலிமில் எடுத்தேன். இரண்டு மரத்தூண், நடுவில் இரட்டைக் கதவு, கதவின் மேல் குமிழ் குமிழாகப் பித்தளை. ஆறு படம். அதில் ஒன்று இன்றைக்கும் நான் எடுத்தவற்றில் எனக்குப் பிடித்தது. அடுத்த வருஷம் போனபோது வீடு இல்லை, நீலத் தகரம் அடைத்து உள்ளே தூணுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தை ஒரு நண்பர் மூலம் பார்த்த ஒரு அம்மா என்னைத் தேடிப் பேசினார். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்தார். "இந்தத் தூணைப் புடிச்சுக்கிட்டுத்தான் எங்கம்மா அப்பாவுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்" என்றார். அப்புறம் கேட்டார்: "கதவு கடைசியில என்ன கலர்ல இருந்துச்சு தம்பி? நாங்க இருந்தப்ப பச்சை. அண்ணன் நீலம் அடிச்சதா சொன்னான்."

என்னால் சொல்ல முடியவில்லை. நெகட்டிவை விளக்கில் வைத்துப் பார்த்தேன். அடர்ந்த சாம்பல். பச்சையாகவும் இருக்கலாம், நீலமாகவும் இருக்கலாம். அன்று மாட்டியிருந்தது மஞ்சள் ஃபில்டரா, ஒன்றுமே இல்லையா என்று நினைவிருந்தால் ஓரளவு ஊகிக்கலாம். அதுவும் நினைவில்லை.

இந்த ஊரில் கட்டடங்கள் அறிவிப்பு கொடுத்துவிட்டுப் போவதில்லை. அண்ணா சாலையில் 1897-ல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் மாதிரி பெரியவற்றுக்காவது 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது நீதிமன்றம் வரை போய்ப் பேச ஆட்கள் இருந்தார்கள். திண்ணை வீட்டுக்கு யார் போவார்கள்? நாம் எடுக்கிற படம் சில நேரம் அந்த வீட்டின் கடைசிப் படமாக இருக்கும். கறுப்பு வெள்ளைதான் எனக்கு வேண்டும், அதில்தான் அந்தத் தூணும் நிழலும் சரியாகப் பேசுகின்றன. ஆனால் கதவின் நிறத்தைத் தூக்கி எறிய எனக்கு உரிமை இருப்பதாக இப்போது தோன்றவில்லை. ரா கோப்பு அந்த நிறத்தை அடியில் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஆகவே என் பதில் இது. கையில் காசு இருந்தால் அந்தப் பழைய மிரர்லெஸ்ஸை வாங்கிவிடு. வாங்குமுன் லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்; சென்னை ஈரத்தில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை பிடித்திருந்தால் லென்ஸை விட்டுவிட்டு உடம்பை மட்டும் வாங்கு. இப்போது காசு இல்லை என்றால் அவசரம் இல்லை. இரண்டு மூன்று ஞாயிறு போனிலேயே ராவில் எடு, எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று தெரிந்துகொள். அப்பாவின் எஃப்எம்10-ஐப் பீரோவில் வைக்காதே. மீட்டருக்கு இரண்டு எல்ஆர்44 பட்டன் செல் போட்டால் போதும். மாதம் ஒரு சுருள். தெரு பழகிய பிறகு, எதை எடுக்கப் போகிறாய் என்று தெரிந்த நாளில் மட்டும். அந்த லென்ஸுக்குப் பொருந்தும் 52 மிமீ மஞ்சள் ஃபில்டர் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, வந்து வாங்கிக்கொண்டு போ.

ஆறரைக்குள் கடற்கரை நிலையத்தில் இறங்கிவிடு. தபால் நிலையம் முதலில், உள்தெருக்கள் பிறகு. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள். ஃபிலிமில் எடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெருப் பெயர், மாட்டியிருந்த ஃபில்டர், சுவர் என்ன நிறம், கதவு என்ன நிறம் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நட.